பென்டிரைவில் போடும் ஃபைல்கள் தானாகவே என்கிரிப்ட் ஆகின்றன, பெயர் கடைசியில் .பிஃபைல் என்று வருகிறது: தடுப்பது எப்படி?

பழையாறு:

மார்த்தாண்டம் பக்கம் ஒரு ஸ்டுடியோவின் எடிட்டிங் சிஸ்டம். விண்டோஸ் 11 ப்ரோ. கல்யாண ஆல்பம் ஷீட்டுகள் (12×36, ஜேபெக்), ஹைலைட்ஸ் வீடியோ எல்லாவற்றையும் 64 ஜிபி பென்டிரைவில் போட்டு பிரஸ்ஸுக்கும் வீட்டாருக்கும் கொடுப்பது வழக்கம். பென்டிரைவ் எக்ஸ்ஃபேட் ஃபார்மட் (டிரைவில் ஃபைல்களை அடுக்கிவைக்கும் முறைகளில் ஒன்று). இப்போது நடப்பது இது:

எங்கள் சிஸ்டத்தில் எல்லா ஃபைலும் திறக்கிறது. சில ஐகான்களின் மூலையில் மட்டும் சின்னப் பூட்டு தெரிகிறது. அதே பென்டிரைவை நாகர்கோவில் பிரஸ்ஸில் மேக்கில் போட்டால், ஜேபெக் என்ற பெயருக்குப் பின்னால் .பிஃபைல் (.pfile) என்று ஒட்டியிருக்கிறது. அதை அழித்துப் பெயரைச் சரிசெய்தாலும் ஃபோட்டோஷாப் எடுக்கவில்லை. வீட்டாரின் டிவியில் வீடியோ பட்டியலிலேயே வரவில்லை. அதே ஃபோல்டரை என்டிஎஃப்எஸ் (விண்டோஸின் வழக்கமான டிரைவ் ஃபார்மட்) எக்ஸ்டெர்னல் ஹார்ட் டிஸ்கில் போட்டு வேறு விண்டோஸ் சிஸ்டத்தில் பார்த்தால் பெயரும் அளவும் சரியாகக் காட்டுகிறது. திறந்தால் "ஆக்சஸ் டினைட்".

எல்லா வேலைக்கும் இப்படி ஆகவில்லை, சில ஃபோல்டர்களுக்கு மட்டும்தான். டிஃபெண்டர் ஃபுல் ஸ்கேனில் ஒன்றும் இல்லை. பணம் கேட்டு எந்த டெக்ஸ்ட் ஃபைலும் வரவில்லை. இது வைரஸா? சி டிரைவை ஃபார்மட் செய்து விண்டோஸ் புதிதாகப் போட்டால் சரியாகுமா? ஆவணி முகூர்த்தங்கள் வரிசையாக இருக்கின்றன, சீக்கிரம் முடிவெடுக்க வேண்டும்.


வேளிமலை:

தம்பி, முதலில் ஒன்று: சி டிரைவை ஃபார்மட் செய்யாதீங்க. விண்டோஸ் ரீசெட்டும் வேண்டாம், யூசர் அக்கவுன்டை அழிக்கவும் வேண்டாம். அந்தப் பூட்டுகளைத் திறக்கும் சாவி இப்போது அந்த அக்கவுன்டுக்குள் மட்டும்தான் இருக்கிறது. ஃபார்மட் செய்தால் சாவி போகும். அப்புறம் டி டிரைவில் இருக்கும் அசல் ஃபைல்களும் உங்களுக்கே திறக்காது.

இது வைரஸ் இல்லை. விண்டோஸ் 2000 காலத்திலிருந்தே விண்டோஸில் இருக்கும் ஈஎஃப்எஸ், அதாவது என்கிரிப்டிங் ஃபைல் சிஸ்டம். ஒவ்வொரு ஃபைலுக்கும் தனித்தனியாக ஒரு சாவி உருவாக்கி ஃபைலைப் பூட்டும். அந்தச் சாவியை உங்கள் யூசர் அக்கவுன்டின் சர்டிஃபிகேட்டால் (உங்கள் பெயருக்கென்று விண்டோஸ் வைத்திருக்கும் டிஜிட்டல் அடையாளம்) இன்னொரு முறை பூட்டி ஃபைலோடு வைக்கும். நீங்கள் லாகின் செய்திருக்கும்போது எல்லாம் தானாகத் திறப்பதால் வித்தியாசமே தெரியாது. வேறு ஆள், வேறு சிஸ்டம் என்றால் திறக்காது. ப்ரோ, என்டர்பிரைஸ், எஜுகேஷன் பதிப்புகளில்தான் இதைப் போட முடியும். ஹோம் பதிப்பில் அந்த டிக் மங்கலாகத்தான் இருக்கும்.

பென்டிரைவில் ஏன் பெயர் மாறுகிறது என்றால், ஈஎஃப்எஸ் முதலில் என்டிஎஃப்எஸ் டிரைவில் மட்டும்தான் வேலை செய்தது. அந்தக் காலத்தில் பூட்டிய ஃபைலை ஃபேட் பென்டிரைவுக்கு காப்பி செய்தால், "என்கிரிப்ஷன் இல்லாமல் காப்பி செய்யவா?" என்று கேட்டுவிட்டுத் திறந்த ஃபைலாகப் போடும். விண்டோஸ் 10-இன் 1607 பதிப்பிலிருந்து ஃபேட், எக்ஸ்ஃபேட் டிரைவுகளிலும் ஈஎஃப்எஸ் நிற்கும்படி செய்துவிட்டார்கள். ஆகவே இப்போது கேள்வியே வராது, பூட்டோடு போய் உட்காரும். அப்படிப் போகும்போது பெயருக்குப் பின்னால் .பிஃபைல் சேரும். புதிய விண்டோஸ் அந்த வாலை மறைத்துவிட்டுப் பூட்டு ஐகான் மட்டும் காட்டும். மேக், ஆண்ட்ராய்டு, டிவி, விண்டோஸ் 7 எல்லாம் உள்ளதை உள்ளபடி காட்டும். உள்ளே இருப்பது ஜேபெக் இல்லை, அதனால் பெயரை மாற்றிப் பயனில்லை.

ஆக, பென்டிரைவில் ஒரு குறையும் இல்லை. காப்பி செய்யும் முன்பே உங்கள் டி டிரைவில் அந்த ஃபைல் பூட்டிக்கிடக்கிறது. உறுதி செய்ய: ஃபோல்டரில் ரைட் கிளிக், ப்ராபர்ட்டீஸ், அட்வான்ஸ்ட். கடைசியில் "என்கிரிப்ட் கன்டென்ட்ஸ் டு செக்யூர் டேட்டா" என்பதில் டிக் இருக்கிறதா பாருங்கள். ஃபோல்டரில் இல்லையென்றால் உள்ளே பூட்டு தெரியும் ஒரு ஜேபெக்கில் பாருங்கள்.

செய்ய வேண்டியதில் வரிசை முக்கியம்.

முதலில் சாவிக்கு ஒரு நகல். ஸ்டார்ட் மெனுவில் "மேனேஜ் யூசர் சர்டிஃபிகேட்ஸ்" என்று தேடித் திறந்து, பெர்சனல், அதற்குள் சர்டிஃபிகேட்ஸ். "இன்டென்டட் பர்ப்பஸஸ்" என்ற பத்தியில் என்கிரிப்டிங் ஃபைல் சிஸ்டம் என்று இருக்கும் வரியில் ரைட் கிளிக், ஆல் டாஸ்க்ஸ், எக்ஸ்போர்ட். "யெஸ், எக்ஸ்போர்ட் த ப்ரைவேட் கீ" என்பதைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். அதை விட்டால் வெறும் பொதுச் சர்டிஃபிகேட் மட்டும் வரும், அது ஒன்றுக்கும் உதவாது. பாஸ்வேர்டு போட்டு பிஎஃப்எக்ஸ் ஃபைலாகச் சேமித்து, வேலைக்குப் பயன்படுத்தாத ஒரு பென்டிரைவில் வைத்து அலமாரியில் பூட்டிவிடுங்கள். அப்படிப்பட்ட வரி இரண்டு மூன்று இருந்தால் எல்லாவற்றையும் எக்ஸ்போர்ட் செய்யுங்கள்.

அடுத்து பூட்டைத் திறப்பது. ஃபோட்டோஷாப், பிரீமியர், லைட்ரூம் எல்லாவற்றையும் மூடுங்கள்; ஃபைல் பயன்பாட்டில் இருந்தால் பாதியில் நின்று பிழை காட்டும். டிரைவில் காலி இடமும் கொஞ்சம் இருக்கட்டும், குறைந்தது இருப்பதிலேயே பெரிய வீடியோவின் அளவுக்கு. மேலே சொன்ன டிக்கை எடுத்து அப்ளை கொடுத்தால் "இந்த ஃபோல்டர் மட்டுமா, உள்ளே இருப்பவை எல்லாமா" என்று கேட்கும். இரண்டாவதைத் தேர்ந்தெடுங்கள். முதலாவதைக் கொடுத்தால் புதிதாக வருபவை மட்டும் பூட்டாமல் இருக்கும், பழையவை அப்படியே கிடக்கும். யுபிஎஸ் இல்லாத சிஸ்டமாக இருந்தால் மழை, இடி நேரத்தில் இந்த வேலையைத் தொடங்காதீர்கள்.

பிறகு பென்டிரைவில் இருப்பதை அழித்துவிட்டு, திறந்த ஃபைலைப் புதிதாக காப்பி செய்யுங்கள்.


சிற்றாறு:

பென்டிரைவை ஃபேட்32 ஆக ஃபார்மட் செய்தால் போதுமே. அதில் என்கிரிப்ஷன் நிற்காது.


வேளிமலை:

விண்டோஸ் 7, 8 இருக்கும் சிஸ்டத்துக்கு அது சரி. 1607-க்குப் பிறகு ஃபேட்32-லும் .பிஃபைல் ஆகத்தான் விழும். அதோடு ஃபேட்32-இல் ஒரு ஃபைல் 4 ஜிபியைத் தாண்ட முடியாது. முழுக் கல்யாண வீடியோ போகாது. எக்ஸ்ஃபேட்டிலேயே இருக்கட்டும்.


முட்டம் விளக்கு:

வேளிமலை அண்ணன் சொன்னது எல்லாம் சரிதான். ஆனா டிக் யாரு போட்டா, அதைக் கண்டுபிடிக்காட்டா அடுத்த கல்யாணத்துக்கும் இதே கதைதான். சில ஃபோல்டருக்கு மட்டும் வருதுன்னு சொல்லுதியளே, அதுல ஒரு சங்கதி இருக்கு.

அந்த ஃபோல்டருக்குள்ள ஃபைல் வெளியிலிருந்து ஜிப்பா வந்ததா? ஆல்பம் டிசைன் பண்ணினவரு மேக் வச்சிருக்காரா? நம்ம பக்கம் திருவனந்தபுரத்துல டிசைன் கொடுக்குறது சாதாரணம், அங்க மேக்கும் நிறைய. மேக்ல செஞ்ச ஜிப்பை விண்டோஸ் எக்ஸ்ப்ளோரர்ல "எக்ஸ்ட்ராக்ட் ஆல்" கொடுத்தா, சில ஜிப்புக்கு உள்ள இருந்து வர்ற ஃபைல் எல்லாம் பூட்டோட வரும். காரணம் இதுதான்: ஜிப்புக்குள்ள ஒவ்வொரு ஃபைலுக்கும் அதோட தன்மையைச் சொல்ற ஒரு எண் இருக்கு. மேக் அதுல தன்னோட யூனிக்ஸ் அனுமதி விவரத்தை எழுதி வைக்கும். விண்டோஸ் அதைத் தன்னோட அட்ரிபியூட்டா எடுத்து வாசிக்கும்போது, அதுல ஒரு பிட் "என்கிரிப்டட்"ங்கிற குறியோட பொருந்திடுது. உடனே ஈஎஃப்எஸ் சொன்னபடி பூட்டிடுது. யாரும் எந்த டிக்கும் போட்டிருக்க மாட்டாங்க.

இதைவிடத் தொல்லை, ஃபோல்டர் மேலயே அந்தக் குறி விழுந்தா. பூட்டின ஃபோல்டருக்குள்ள நீங்க புதுசா சேவ் பண்ற ஒவ்வொண்ணும் பூட்டோடதான் பிறக்கும். வேற ஃபோல்டர்ல இருந்து இழுத்துப் போட்டாலும் எக்ஸ்ப்ளோரர் பூட்டிடும். அதனாலதான் டிசைனர் அனுப்பினதோட நிக்காம, நீங்களே எக்ஸ்போர்ட் பண்ணின வீடியோவும் மாட்டுது.

தடுக்க இரண்டு வேலை.

ஒண்ணு, மேக்ல இருந்து வர்ற ஜிப்பை எக்ஸ்ப்ளோரர்ல பிரிக்காதீங்க. 7-ஜிப் இலவசம்தான், அதை வச்சுப் பிரிங்க. ஜிப்பை டபுள் கிளிக் பண்ணி உள்ள இருந்து இழுத்துப் போடுறதும் எக்ஸ்ப்ளோரர்ல பிரிக்கிற மாதிரிதான், அதையும் விடணும். 7-ஜிப்பை டீஃபால்ட் ஆப்பா வச்சா ஸ்டுடியோவுல வேற யாரு திறந்தாலும் அதுலதான் திறக்கும்.

ரெண்டு, ஈஎஃப்எஸ்ஸையே நிறுத்திடுறது. ஸ்டுடியோ சிஸ்டத்துல அதுக்கு ஒரு வேலையும் கிடையாது. ஸ்டார்ட்ல "லோக்கல் செக்யூரிட்டி பாலிசி" திறந்து, பப்ளிக் கீ பாலிசீஸ், அதுக்குள்ள என்கிரிப்டிங் ஃபைல் சிஸ்டம், ரைட் கிளிக், ப்ராபர்ட்டீஸ். "டோன்ட் அலவ்" கொடுத்து ஓகே. சிஸ்டத்தை ஒருதடவை ரீஸ்டார்ட் பண்ணிடுங்க. கமாண்ட் பழக்கம் உள்ளவங்க அட்மின் கமாண்ட் ப்ராம்ப்ட்ல "எஃப்எஸ்யுட்டில் பிஹேவியர் செட் டிசேபிள்என்கிரிப்ஷன் 1" அடிச்சு (ஆங்கில எழுத்துல, கடைசிச் சொல்லை இடைவெளி இல்லாம) ரீஸ்டார்ட் பண்ணினாலும் என்டிஎஃப்எஸ் டிரைவுல புதுசா பூட்டு விழாது. ஆனா இந்தக் கமாண்ட் என்டிஎஃப்எஸ்ஸுக்கு உண்டானது. பென்டிரைவையும் சேர்த்து நினைக்கிறதுனால பாலிசி வழிதான் நல்லது.

நிறுத்துறது கடைசி வேலை, பாத்துக்கிடுங்க. பழைய பூட்டை எல்லாம் திறந்து முடிச்சு, எங்கயும் மிச்சம் இல்லைன்னு உறுதி பண்ணின பிறகுதான். மிச்சம் பாக்க, கமாண்ட் ப்ராம்ப்ட்ல சைஃபர்னு அடிச்சு, இடம் விட்டு ஸ்லாஷ் யு, இடம் விட்டு ஸ்லாஷ் என். உள் டிரைவுகள்ல பூட்டியிருக்கிற ஃபைல் எல்லாத்தையும் வரிசையாக் காட்டும், எதையும் மாத்தாது. ஸ்லாஷ் என் மறந்தா வெறும் பட்டியலா நிக்காம சாவியைப் புதுப்பிக்கிற வேலையையும் செய்யும். நமக்கு அது தேவையில்ல.


பழையாறு:

நன்றி அண்ணன்மாரே. டிக் இருக்கிறது. எல்லாமே ஒரே டிசைனரின் ஜிப்பில் இருந்து வந்த ஃபோல்டர்கள், அவரிடம் மேக்தான். சர்டிஃபிகேட் எக்ஸ்போர்ட் செய்துவிட்டு டிக் எடுத்ததில் பெரும்பாலும் திறந்துவிட்டது. இரண்டு பிரச்சினை மிச்சம். ஒன்று, சில ஃபோல்டர்களில் எனக்கே "ஆக்சஸ் டினைட்" வருகிறது. அவை அதே சிஸ்டத்தில் எடிட்டர் தம்பியின் லாகினில் பிரித்தவை. இரண்டு, ஒரு வீட்டாரிடம் பழைய பென்டிரைவ் இருக்கிறது. அதில் எல்லாம் .பிஃபைல். அதைப் போட்ட சிஸ்டத்தில் பிறகு விண்டோஸ் புதிதாகப் போட்டாயிற்று. வழி உண்டா?


வேளிமலை:

முதலாவது எளிது. ஈஎஃப்எஸ் பூட்டு சிஸ்டத்துக்கு இல்லை, யூசருக்கு. அட்மின் என்றாலும் அடுத்தவர் பூட்டியதைத் திறக்க முடியாது. ஓனர்ஷிப் எடுத்தாலும், பெர்மிஷனை ஃபுல் கன்ட்ரோல் ஆக்கினாலும் நடக்காது. அட்வான்ஸ்ட் பக்கத்தில் "டீடெயில்ஸ்" அழுத்தினால் யாருடைய சர்டிஃபிகேட்டில் பூட்டியிருக்கிறது என்று காட்டும். எடிட்டர் தம்பி தன் லாகினில் நுழைந்து அதே வரிசையில் செய்யட்டும்: முதலில் எக்ஸ்போர்ட், பிறகு டிக் எடுப்பது.

இதில் ஒரு எச்சரிக்கை. அவர் பாஸ்வேர்டை மறந்திருந்தால் அட்மின் லாகினில் போய் அதை ரீசெட் செய்யாதீர்கள். லோக்கல் அக்கவுன்டின் பாஸ்வேர்டை வெளியிலிருந்து மாற்றினால், பழைய பாஸ்வேர்டால் காக்கப்பட்டிருக்கும் அந்தத் தனிச் சாவியை விண்டோஸால் எடுக்க முடியாமல் போகும். அவரே உள்ளே நுழைந்து கன்ட்ரோல், ஆல்ட், டெலீட் அழுத்தி மாற்றினால் ஆபத்து இல்லை.

இரண்டாவதில் ஆசை காட்ட மாட்டேன். அந்தப் பழைய விண்டோஸின் பிஎஃப்எக்ஸ் ஃபைல் எங்காவது இருந்தால், இப்போதைய லாகினில் அதை டபுள் கிளிக் செய்து இம்போர்ட் செய்தாலே பென்டிரைவ் திறக்கும். பிஎஃப்எக்ஸ் இல்லை, ஆனால் பழைய சி டிரைவ் வேறு டிஸ்கில் அப்படியே இருக்கிறது, அல்லது ஃபார்மட் செய்யாமல் மேலேயே விண்டோஸ் போட்டதால் "விண்டோஸ்.ஓல்டு" ஃபோல்டர் மிச்சம் இருக்கிறது என்றால், பழைய யூசர் ஃபோல்டரில் சாவி கிடக்கலாம். பழைய பாஸ்வேர்டும் தெரிந்தால் அதை மீட்கும் மென்பொருள்கள் உண்டு. அந்த டிஸ்கில் இனி எதையும் எழுதாதீர்கள். டிஸ்க் க்ளீனப் விண்டோஸ்.ஓல்டை அழித்துவிடும், அதையும் ஓட்டக் கூடாது.

இரண்டும் இல்லையென்றால் வழி கிடையாது. "டீக்ரிப்ட் செய்து தருகிறோம்" என்று யாராவது பணம் கேட்டால் கொடுக்காதீர்கள். சாவி இல்லாமல் ஏஇஎஸ் (ஈஎஃப்எஸ் பயன்படுத்தும் என்கிரிப்ஷன் முறை) பூட்டை யாரும் திறக்கப் போவதில்லை. கேமரா கார்டிலோ பிரஸ்ஸின் கணினியிலோ டிசைனரின் மேக்கிலோ அசல் இருக்கிறதா என்று தேடுவதுதான் பயன். டிசைனரிடம் ஜிப் இன்னும் இருக்க வாய்ப்பு அதிகம்.


தேரூர்:

தலைப்பைப் பார்த்து வருபவர்களில் எல்லோருக்கும் ஈஎஃப்எஸ் காரணமாக இருக்காது. அறிகுறியை வைத்துப் பிரித்துக்கொள்ள சில.

பென்டிரைவைச் செருகியதும் மொத்த டிரைவும் பாஸ்வேர்டு கேட்டால் அது பிட்லாக்கர் டு கோ, அதாவது பென்டிரைவை முழுதாகப் பூட்டும் விண்டோஸ் வசதி. ஃபைல் பெயர்கூடத் தெரியாது. நாகர்கோவிலிலிருந்து திருவனந்தபுரம் டெக்னோபார்க் ஐடி கம்பெனிகளுக்குப் போய் வருகிறவர்கள் வீட்டில் இது அடிக்கடி நடக்கும். கம்பெனி லேப்டாப்பில் "பிட்லாக்கர் இல்லாத பென்டிரைவில் எழுதக் கூடாது" என்று பாலிசி இருக்கும். சொந்தப் பென்டிரைவைச் செருகினால் "என்கிரிப்ட் செய்" அல்லது "செய்யாதே" என்று இரண்டு பொத்தான் வரும். அவசரத்தில் முதலாவதை அழுத்தினால் உள்ளே இருக்கும் குடும்பப் படங்களோடு மொத்தமும் பூட்டப்படும். பிறகு டிவியோ மேக்கோ ஃபோனோ திறக்காது. இரண்டாவதை அழுத்தினால் படிக்க மட்டும் முடியும், எழுத முடியாது, இழப்பு ஒன்றும் இல்லை. ஏற்கெனவே பூட்டியிருந்தால், பாஸ்வேர்டு அல்லது 48 இலக்க ரெக்கவரி கீ போட்டுத் திறந்து, கன்ட்ரோல் பேனலில் பிட்லாக்கர் பக்கத்தில் "டர்ன் ஆஃப் பிட்லாக்கர்" கொடுக்க வேண்டும். முழுதும் அவிழ்ந்து முடியும்வரை பிடுங்காதீர்கள். விண்டோஸ் ஹோம் பதிப்பில் புதிதாகப் பூட்ட முடியாது, ஆனால் பூட்டியதைப் பாஸ்வேர்டு போட்டுத் திறக்கலாம்.

விண்டோஸ் 11-இன் 24எச்2 பதிப்பைப் புதிதாகப் போட்டு மைக்ரோசாஃப்ட் அக்கவுன்டில் நுழைந்தால் உள் டிரைவுகள் தானாக என்கிரிப்ட் ஆகும் என்பது உண்மை. அது பென்டிரைவைத் தொடாது. ஆனால் அந்த உள் டிஸ்கைக் கழற்றி யுஎஸ்பி கேஸில் போட்டு வேறு சிஸ்டத்தில் மாட்டினால் 48 இலக்கம் கேட்கும். டிஸ்கைக் கழற்றும் முன்பே அந்த அக்கவுன்டுக்குள் போய் ரெக்கவரி கீயை எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

ஃபோனில் இருந்து எடுத்த மெமரி கார்டு கணினியில் "ஃபார்மட் செய்யவா" என்று கேட்டால், ஆண்ட்ராய்டு 6-இல் வந்த "இன்டர்னல் ஸ்டோரேஜ் ஆகப் பயன்படுத்து" என்பதைக் கொடுத்திருப்பார்கள். சாவி அந்த ஃபோனுக்குள் இருக்கிறது. கார்டைத் திரும்ப அதே ஃபோனில் போட்டு, படங்களை வெளியே எடுத்துவிட்டு, "போர்ட்டபிள் ஸ்டோரேஜ்" ஆக மாற்றுங்கள். சில ஃபோன்களில் "என்கிரிப்ட் எஸ்டி கார்டு" என்று தனியாகவே ஒன்று உண்டு. இரண்டிலும் ஃபோனை ஃபேக்டரி ரீசெட் செய்தால் கார்டு அத்தோடு போயிற்று, ஆகவே ரிப்பேருக்குக் கொடுக்கும் முன் இதைப் பாருங்கள்.

ஃபோல்டர் எல்லாம் ஷார்ட்கட்டாக மாறினால் அது என்கிரிப்ஷனே இல்லை. ஒரு வைரஸ் அசல் ஃபைலை மறைத்து வைத்திருக்கிறது. ஷார்ட்கட்டைத் திறக்காமல் ஸ்கேன் செய்து, மறைந்த ஃபைல்களைக் காட்டச் சொன்னால் கிடைத்துவிடும்.

எல்லா ஃபைலுக்கும் புரியாத எக்ஸ்டென்ஷன், ஒவ்வொரு ஃபோல்டரிலும் பணம் கேட்டு டெக்ஸ்ட் ஃபைல் என்றால்தான் ரான்சம்வேர், அதாவது ஃபைலைப் பூட்டிவிட்டுப் பணம் பறிக்கும் வைரஸ். நெட் ஒயரைப் பிடுங்கி, வைஃபையை நிறுத்தி, செருகியிருக்கும் டிரைவுகளை எல்லாம் கழற்றுங்கள். பேக்கப் டிஸ்கை அந்த சிஸ்டத்தில் "ஒரு தடவை பார்ப்போம்" என்று மாட்டவே கூடாது. 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்கு ஃபோன் செய்து புகார் சொல்லலாம். "நோ மோர் ரான்சம்" தளத்தில் சில வகைகளுக்கு இலவசச் சாவி இருக்கிறது, ஒரு ஃபைலை ஏற்றிப் பார்க்கலாம். ஸ்டுடியோக்காரர்கள் பேக்கப் டிஸ்கை எப்போதும் செருகியே வைத்திருக்கிறார்கள். செருகியிருக்கும் டிரைவ் ரான்சம்வேருக்கு இன்னொரு ஃபோல்டர், அவ்வளவுதான். காப்பி முடிந்ததும் கழற்றுங்கள்.


முட்டம் விளக்கு:

பழையாறுக்கு இன்னும் ஒண்ணு சொல்லணும். பிரஸ் அவசரப்படுத்துதுன்னு சாவி இருக்கிற பிஎஃப்எக்ஸ் ஃபைலை அவங்களுக்குக் கொடுத்துடாதீங்க. அது இருந்தா உங்க லாகின்ல பூட்டின எல்லாத்தையும் அவங்களும் திறக்கலாம். அசலைத் திறந்து திரும்ப காப்பி போடுறதுதான் முறை.

பென்டிரைவைக் கையில கொடுக்கும் முன்ன உங்க லாகின்ல திறந்து பாத்து "சரியா இருக்கு"ன்னு விடுறது போதாது, உங்களுக்கு எப்பவும் திறக்கும். ஓடிஜி வயர்ல ஒரு ஆண்ட்ராய்டு ஃபோன்ல மாட்டி, ஃபைல் மேனேஜர்ல பிஃபைல்னு ஆங்கிலத்துல தேடுங்க. ஒண்ணும் வராட்டி, ஒவ்வொரு ஃபோல்டர்லயும் ஒரு படத்தையும் ஒரு வீடியோவையும் திறந்து பாருங்க. உங்க ஃபோன் எக்ஸ்ஃபேட்டை எடுக்காட்டா டிவியில பாத்தாலும் போதும்.


பழையாறு:

எடிட்டர் தம்பி லாகினிலும் எக்ஸ்போர்ட் செய்து, டிக் எடுத்தாயிற்று. சைஃபர் பட்டியலில் இப்போது எதுவும் வரவில்லை. 7-ஜிப் போட்டு, பாலிசியில் டோன்ட் அலவ் கொடுத்து, ரீஸ்டார்ட் செய்துவிட்டேன். புதிதாகப் போட்ட பென்டிரைவ் பிரஸ்ஸின் மேக்கில் திறந்துவிட்டதாகச் சொன்னார்கள். பழைய பென்டிரைவுக்கு டிசைனரிடம் ஜிப் கேட்டிருக்கிறேன்.